பிராந்தியும் ஆரஞ்சுத் தோலும்

பார் கவுண்டர் வேலை எனக்கு வேண்டும் என்று கேட்டபோது எங்கள் மேனேஜர் சிரிக்கவில்லை. காப்பியை ஆற்றிக்கொண்டே, “வேண்டாம்மா” என்று மட்டும் சொன்னார்.

தஞ்சாவூரை ஒட்டி ஆற்றங்கரையில் இருந்த ஓட்டல் அது. பெரிய கோயிலைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் தங்குவார்கள். விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம்மவர்களும் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். கேட்டரிங் படித்துவிட்டு அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் வேலையில் நான் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கூடத்தைத் தாண்டினால் ஒரு சின்ன பார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் துபாயில் வேலை கிடைத்துவிட்டது. அவர் கிளம்பிப் போன மறுநாளே நான் மேனேஜரிடம் போய் நின்றேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் நான் செய்தது தூக்கிக்கொண்டு போகும் வேலை. யாரோ சமைத்தார்கள், யாரோ சாப்பிட்டார்கள், நடுவில் நான் நடந்தேன். பாரில் அப்படி இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் என்ன கேட்கிறாரோ அதை அவர் கண் முன்னால் நம் கையாலேயே கலந்து, அவர் வாயில் வைக்கும்போது முகத்தையும் பார்க்கலாம். அந்த வேலைமேல் எனக்கு ஆசை இருந்தது. காரணம் அவ்வளவுதான். ஏதோ பெரிய லட்சியம் என்று இப்போது சொன்னால் அது பொய்.

மேனேஜர் சீர்காழிக்காரர். பல வருஷம் சுற்றுலாக் கப்பலில் வேலை பார்த்தவர். பெண்கள் பாரில் நிற்பதை உலகம் முழுக்கப் பார்த்தவர்தான். ஆனாலும் இரண்டாம் முறை நான் கேட்டபோது, “கப்பல் வேற, தஞ்சாவூர் வேற. குடிச்சிட்டு ஒருத்தன் கையப் புடிச்சா யாரு பதில் சொல்றது?” என்றார்.

“சாப்பாட்டு மேசையிலயும் குடிச்சிட்டுத்தான் சார் உக்காந்திருக்காங்க. அங்க நான் தட்ட ஏந்திக்கிட்டு அவங்க பக்கத்துலயே போயி நிக்கிறேன். பார்ல நடுவுல ஒரு கவுண்டராவது இருக்கும்” என்றேன்.

அவர் யோசிக்கிறார் என்று தெரிந்தது. அடுத்த வாரம் மறுபடியும் போனேன். இந்த முறை நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“ஒரு சைட்கார் போட்டுக் குடு. என் வாய்க்குச் சரின்னு பட்டா முதலாளிகிட்ட நான் பேசுறேன். எப்போ தயாரோ அப்போ சொல்லு.”

சைட்கார் என்ற காக்டெயிலுக்கு மூன்றே சாமான்கள். பிராந்தி, ஆரஞ்சு லிக்கர், எலுமிச்சைச் சாறு. ஐஸ் போட்டுக் குலுக்கி, வடிகட்டி, கோப்பையில் ஊற்ற வேண்டியதுதான். கல்லூரியில் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தேன். எழுதியிருக்கிறேனே தவிர ஒரு முறைகூடக் கலந்ததில்லை. அவர் வேறு எதைக் கேட்டிருந்தாலும் எனக்கு அவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. பிராந்தியைக் கேட்டதுதான் கஷ்டமாகப் போயிற்று.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். அப்பாவின் தலைமுறை வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். அப்பா முதலில் குத்தகைக்குப் பிடித்து, பிறகு கொஞ்சம் சொந்தமாக வாங்கி, இன்று குறுவையும் சம்பாவும் தன் பெயரில் போடுகிறார். அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். நல்ல கொத்தனார். எங்கள் வீட்டுச் சுவர்கள் அவர் எழுப்பியவை. அவர் பிராந்தி குடித்தே செத்துப்போனார். கடைசி மாதங்களில் உள் அறையில் படுத்திருந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த அறையிலும் போர்வையிலும் அவருடைய தோலிலும் வந்த வாசனை ஒன்றுதான். அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் அந்தச் சுவரைவிட்டு அது போகவில்லை. அம்மா இரண்டு முறை வெள்ளையடிக்க வைத்தாள்.

பிறகு வாய்க்கால் ஓரமாகப் போகும் ரோட்டில் மதுக்கடை வந்தது. அம்மா ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் அதன் எதிரில் உட்கார்ந்தாள். வெயிலில் உட்கார்ந்தார்கள், மழையில் உட்கார்ந்தார்கள், நடவு வேலையை முடித்துவிட்டுச் சேற்றுக் காலோடு வந்து உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார். அம்மா எழுந்திருக்கவில்லை. கடைசியில் கடையை எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் ஊரில் ஏதாவது பிரச்சினை என்றால் முதலில் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த வீட்டுப் பெண்தான் நான். மேனேஜர் சைட்கார் என்றதும் எனக்கு அந்த உள் அறை ஞாபகம் வந்தது. ஆனால் வேலை வேண்டாம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. பிராந்தி எனக்கு என்ன செய்யும் என்று பார்த்துவிடுவது என்றே தோன்றியது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, சாயங்கால வேலை தொடங்குவதற்கு முன்னால் எங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு உண்டு. மற்றவர்கள் தூங்கப் போவார்கள். நான் பாருக்குள் போவேன். முதல் நாள் பிராந்தி மூடியைத் திறந்து மூடினேன். அவ்வளவுதான் முடிந்தது. பின்வாசலுக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வந்து, இன்னொரு முறை திறந்தேன். அதற்கு மேல் அன்றைக்கு முடியவில்லை.

அதனால் முதலில் பிராந்தி இல்லாமலே பழகினேன். பால் இல்லாத டீயை ஆறவைத்து, அதை பிராந்தி என்று வைத்துக்கொண்டு, எலுமிச்சையும் சர்க்கரைப் பாகும் சேர்த்துக் குலுக்கினேன். ஷேக்கரைப் பிடிக்கும் விதம், ஐஸ் உருகித் தண்ணியாகிவிடாமல் எப்போது நிறுத்துவது, கை சில்லிட்டுப் போகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதெல்லாம் டீயிலேயே கற்றேன். தோள் வலித்தது. நாற்றுக்கட்டு தூக்கிய தோளுக்கு அது ஒன்றும் பெரிய வலி இல்லை.

அடுத்தது ஆரஞ்சு லிக்கர். அதை டிரிபிள் செக் என்பார்கள். ஆரஞ்சு லிக்கர் என்றால் ஆரஞ்சுச் சாறு சேர்ந்தது என்று தோன்றும். சாறு அதில் கிடையாது. ஆரஞ்சுத் தோலைச் சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, சர்க்கரை சேர்த்துச் செய்வது. தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். பிராந்தி சேர்த்துப் பழுப்பு நிறத்தில் வருவதும் உண்டு, நீலச் சாயம் போட்டு வருவதும் உண்டு. அதை மட்டும் தனியாகக் கேட்டுக் குடிப்பவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் அது இல்லாவிட்டால் மார்கரிட்டா கிடையாது, காஸ்மோபாலிட்டன் கிடையாது, சைட்கார் கிடையாது. முரட்டு மதுவையும் புளிப்பையும் சண்டை போடாமல் சேர்த்து வைப்பது அதன் வேலை.

நான் குடிப்பதில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. புறங்கையில் ஒரு சொட்டு விட்டு, நாக்கில் வைத்து, வாய் முழுக்கப் பரவவிட்டுத் துப்பிவிடுவேன். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அடுத்த சொட்டு. எங்கள் பாரில் இருந்த லிக்கர் மட்டமானது. முதலில் இனிப்பு, முடிவிலும் இனிப்பு. நடுவில் ஆரஞ்சு மிட்டாயின் வாசனை. புத்தகத்தில் போட்டிருந்த கசப்பு அதில் எங்கே என்று தேடினேன். இல்லை.

ஆனாலும் புத்தகத்தில் சொன்ன அளவிலேயே ஒரு நாள் மூன்றையும் கலந்தேன். பிராந்தி ஊற்றும்போது வாயால் மூச்சு விட்டேன். குலுக்கி, வடித்து, மேனேஜரிடம் கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார்.

“முதல்ல பல்லு கூசுது. அப்பறம் சர்பத் மாதிரி இருக்கு. பிராந்தி எங்கயோ தனியா நிக்குது” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “உனக்கே இது மேல ஒரு வெறுப்பு இருக்கு. அது குடிக்கிறவனுக்குத் தெரியுது” என்றார்.

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அன்று சாயங்காலம் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டு தட்டு ஏந்தினேன். மறுநாள் பிராந்திப் பாட்டிலை எடுத்து, ஒரு கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுந்திருக்கவில்லை. மாமா வந்தார். அவர் கால்களின் வீக்கம், கஞ்சிக் கிண்ணம், எல்லாம் வந்தன. அழுகையும் வந்தது. அழுதேன். அதற்குப் பிறகும் மூக்கிலிருந்து கோப்பையை விலக்கவில்லை. கொஞ்ச நேரம் போக, அந்த வாசனைக்குள் வேறு ஏதேதோ இருப்பது தெரிய ஆரம்பித்தது. கருகிய சர்க்கரை, உலர்ந்த திராட்சை, நனைந்த மரம். தினமும் அப்படி உட்கார்ந்தேன். மாமா வராமல் போனார் என்று சொல்ல மாட்டேன். வந்தார். நான் வேலையைப் பார்த்தேன்.

பல் கூசியதற்குக் காரணம் எலுமிச்சை. புத்தகம் எழுதியவர்கள் அவர்கள் ஊரின் பெரிய மஞ்சள் எலுமிச்சையை வைத்து அளவு சொல்லியிருக்கிறார்கள். நம்முடைய சின்ன எலுமிச்சை அதைவிடப் புளிப்பு. சாற்றைக் குறைத்தேன். சாறு குறைந்ததும் இனிப்பு மேலே வந்தது. அதை அடக்கக் கசப்பு வேண்டும். கசப்புக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டு ஒரு நாள் சந்தைக்குப் போனபோது நார்த்தங்காய் குவித்து வைத்திருந்தார்கள். தோலைக் கீறி முகர்ந்தேன். ஆரஞ்சுக்கு அண்ணன் மாதிரி இருந்தது. மேனேஜரிடம் சொல்லிவிட்டு, உள்ளே வெள்ளைச் சதை ஒட்டாமல் பச்சைத் தோலை மட்டும் மெல்லிசாகச் சீவி, அந்த மட்டமான லிக்கர் பாட்டில் ஒன்றில் போட்டு ஊறவைத்தேன். முதல் தடவை அதிக நாள் விட்டுவிட்டேன். வேப்பெண்ணெய்போலக் கசந்தது. கொட்டினேன். அடுத்த தடவை தினமும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, சரியான நாளில் தோலை எடுத்துவிட்டேன்.

அதை வைத்துக் கலந்த சைட்காரைக் கொண்டுபோய் வைத்தேன். கோப்பையின் மேல் ஒரு துண்டு ஆரஞ்சுத் தோலை மடித்துப் பிழிந்ததில் எண்ணெய் பனிபோலப் படிந்திருந்தது. மேனேஜர் ஒரு வாய் குடித்தார். அடுத்து ஒரு வாய். முழுவதையும் குடித்து முடித்தார்.

“நாளையிலேர்ந்து அங்க நில்லு. முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார்.

இதை அம்மாவுக்கு வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். விடுமுறை நாளில் பஸ் ஏறினேன். சம்பாப் பயிர் முழங்கால் உயரம் வந்திருந்த சமயம். அம்மா களை எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். இந்த வரப்பிலிருந்து அடுத்த வரப்பு வரை களை எடுத்தோம். பிறகு சொன்னேன்.

அம்மா நிமிர்ந்தாள். கையில் இருந்த களையைக் கீழே போடவில்லை.

“அந்தக் கடைய மூட வைக்க ரோட்டுல உக்காந்தவ நான். என் மவ போயி அதையே ஊத்திக் குடுக்கறாளா?”

“நான் ஊத்தலன்னாலும் அங்க வேற ஒருத்தர் ஊத்துவாங்கம்மா.”

“கடக்காரனும் இதத்தான் சொன்னான். இங்க நான் விக்கலன்னா அங்க ஒருத்தன் விப்பான்னு.”

“எனக்கு இந்த வேலை புடிச்சிருக்கு. விட மாட்டேன்” என்று மட்டும் சொன்னேன்.

“ஒன் மாமன் செத்தது தெரியும்ல?”

“தெரியும்மா. கஞ்சி குடுத்தது நான்தான்.”

அம்மா குனிந்து களையெடுக்கத் தொடங்கிவிட்டாள். அன்றைக்கு என்னோடு சாப்பிடவில்லை. அதன் பிறகு நான் போன் செய்தால் அப்பாதான் எடுப்பார். “அம்மா நல்லாருக்கா” என்பார். பின்னால் அம்மா பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்கும். அறுவடை முடிந்தது, கோடை வந்தது, மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள். அம்மா போனுக்கு வரவில்லை. நான் வேலையை விடவும் இல்லை. அவளுடைய பிடிவாதம்தான் எனக்கும் வந்திருக்கிறது என்று அப்பா ஒரு முறை சொன்னார். திட்டுகிறாரா மெச்சுகிறாரா என்று தெரியவில்லை.

பாரில் மேனேஜர் பயந்ததுபோல் எதுவும் நடக்கவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் நார்த்தங்காய்த் தோலைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார்கள். நம்மவர்களில் சிலர் என்னைப் பார்த்ததும் திரும்பிப் போனார்கள், சிலர் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு குடும்பம் சாப்பிட வந்தது. கணவன், மனைவி, சின்னதாக இரண்டு பெண் குழந்தைகள். அந்த மனிதரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. எங்கள் ஊர்க்காரர். அவர் குடும்பத்து வயலில்தான் என் அம்மா பல வருஷம் நடவு நட்டாள். அவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார், லீவில் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். மனைவியும் குழந்தைகளும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார, அவர் மட்டும் பாருக்கு வந்தார். என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“நீ நம்ம ஊரு புள்ளதானே?”

“ஆமாங்க” என்று சொல்லி அப்பா பெயரைச் சொன்னேன்.

சிரித்தார். மார்கரிட்டா கேட்டார். கலந்து கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று பாராட்டி இன்னொன்று கேட்டார். அப்புறம் சைட்கார். அப்புறம் அதையே மறுபடியும். சாப்பாடு ஆறிப்போகிறது என்று பெரிய குழந்தை வந்து கூப்பிட்டது. திருப்பி அனுப்பிவிட்டு மறுபடியும் கேட்டார். கவுண்டர்மேல் கார் சாவி கிடந்தது.

“யாருங்க வண்டி ஓட்டிக்கிட்டுப் போறது?” என்று கேட்டேன்.

“நான்தான். ஏன்?”

“அப்போ போதுங்க. எலுமிச்சை ஜூஸ் போட்டுத் தரேன்.”

“இதென்ன, சர்பத் மாதிரி இருக்கு. ஏறவே மாட்டேங்குது. போடு.”

ஏறவில்லை என்று அவருக்குத்தான் தோன்றியது. பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. சாவியை எடுக்க நீட்டிய கை சாவிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

“மாட்டேங்க” என்றேன்.

அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். “எங்க வயல்ல நாத்து நட்டவ மவ நீ. எனக்குப் போதும் போதாதுன்னு நீ சொல்றியா?”

ஷேக்கரைக் கீழே வைத்துவிட்டு, “ஆமாங்க. நான்தான் சொல்றேன்” என்றேன்.

மேனேஜர் வந்தார். விருந்தாளியைச் சமாதானப்படுத்துவதுதான் அவர் வேலை. “ஒண்ணே ஒண்ணு போட்டுக் குடுத்துடும்மா, போயிடுவார்” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“நீங்க வேணா போட்டுக் குடுங்க சார். நான் போட மாட்டேன். அவரு கார் எடுக்கவும் விடக் கூடாது. உள்ள ரெண்டு புள்ளைங்க இருக்கு.”

அதற்குள் அவருடைய மனைவி வந்துவிட்டார். கணவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். யாரையும் எதுவும் கேட்காமல் சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டார்.

“எங்களக் கொண்டு போய் விடறதுக்கு டிரைவர் யாராவது கிடைப்பாங்களா?” என்று மேனேஜரிடம் கேட்டார்.

ஓட்டல் டிரைவர் அவர்கள் காரிலேயே அவர்களை ஊரில் கொண்டுபோய் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தார். வழி முழுக்க அந்த மனிதர் தூங்கிக்கொண்டே போனார் என்றார்.

மறுநாள் காலையில் அந்த ஊர்க்காரர் முதலாளிக்குப் போன் செய்து, நான் அவரைக் குடும்பத்தின் முன்னால் அவமானப்படுத்தியதாகச் சொல்லியிருக்கிறார். முதலாளி என்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டார். மேனேஜர்தான் வந்து சொன்னார். அவருக்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது.

“நடந்தது என்னன்னு எழுதித் தரேன் சார். மன்னிப்புன்னு எழுத மாட்டேன்.”

“எழுதலன்னா திரும்பத் தட்டு தூக்கணும்.”

“தூக்கறேன்.”

தூக்கினேன். பாரில் வேறு ஒருவரை நிறுத்தினார்கள். அவர் என் நார்த்தங்காய் பாட்டிலை என்னவென்று தெரியாமல் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். அதைப் பார்த்த அன்று வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். இரண்டு நாள் கழித்துச் சந்தைக்குப் போய் மறுபடி காய் வாங்கி வந்தேன்.

கொஞ்ச நாள் போக, வாடிக்கையாளரைச் சமாதானம் செய்யலாம் என்று முதலாளி அந்த வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். எடுத்தது மனைவி. “அந்தப் பொண்ணு மேல நடவடிக்கை எடுத்திருக்கோம்” என்று இவர் சொல்ல, “எதுக்கு? எங்க புள்ளைங்கள உயிரோட வீட்டுக்கு அனுப்புனதுக்கா?” என்று அந்த அம்மா கேட்டாராம். இதையும் மேனேஜர்தான் சொன்னார். அதன் பிறகு யாரும் கடிதம் கேட்கவில்லை. நான் மறுபடியும் கவுண்டருக்குப் பின்னால் நின்றேன்.

அந்த ஊர்க்காரரின் மனைவி அதோடு நிற்கவில்லை. ஊரில் ரேஷன் கடை வாசலில் என் அம்மாவைப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் எல்லோரும் கேட்க நடந்ததைச் சொல்லியிருக்கிறார். எனக்கு இது தெரியாது. ஒரு நாள் முற்பகலில் பாரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் அம்மா நின்றாள். வெளியூர் போகும்போது உடுத்தும் சேலை, கையில் பை. நான் ஏதும் சொல்வதற்குள் உள்ளே வந்து, உயரமான ஸ்டூலைப் பார்த்துவிட்டு, அதில் உட்காராமல் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இதுல எது பிராந்தி?” என்றாள்.

காட்டினேன். மூடியைத் திறக்கச் சொன்னாள். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தாள்.

“நீ என்னமோ நார்த்தங்காயெல்லாம் போட்டுச் செய்யறியாமே. அது எது?”

அதையும் கொடுத்தேன். அதை முகர்ந்தபோது முகம் சுளிக்கவில்லை. இரண்டாம் முறையும் முகர்ந்தாள்.

“நல்ல வாசனையா இருக்கு. எதுக்கு இது?”

“பிராந்தியோட எரிச்சல் தெரியாம இருக்கும்மா. எலுமிச்சைப் புளிப்பையும் அதையும் இது சேர்த்து வைக்கும்.”

அம்மா பாட்டிலைக் கவுண்டரில் வைத்தாள். “அப்போ எரிச்சல்தானே ஒருத்தன நிறுத்தும். அது தெரியாமப் பண்ணிட்டா, எவ்வளவு உள்ள போச்சுன்னு குடிக்கிறவனுக்கு எப்பிடித் தெரியும்?”

நான் பல வாரம் நாக்கில் சொட்டு விட்டுக் கற்றுக்கொண்ட வேலையின் குறையை அவள் மூக்கால் முகர்ந்தே சொல்லிவிட்டாள். அந்த ஊர்க்காரர் சர்பத் மாதிரி இருக்கிறது என்று சொன்னது என் காதில் மறுபடி கேட்டது.

“தெரியாதும்மா” என்றேன்.

“அப்போ யாரு சொல்றது?”

“நான் சொல்றேன்.”

“எல்லாருகிட்டயும் சொல்லுவியா? இல்ல, நம்ம ஊருக்காரன்கிறதால சொன்னியா?”

“எல்லாருகிட்டயும் சொல்றேன்.”

அம்மா என்னை நம்பினாளா என்று அன்று தெரியவில்லை. பையிலிருந்து முறுக்கு டப்பாவை எடுத்து வைத்தாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். இந்த இடத்தில் பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன் என்றாள். பழைய பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போய், ஒரு டீக்கடையில் இரண்டு பேரும் டீ குடித்தோம். அவள் வேலையைப் பற்றி வேறு எதுவும் கேட்கவில்லை. மாடு கன்று போட்டிருப்பதைச் சொன்னாள். அடுத்த முறை நான் போன் செய்தபோது அவளே எடுத்தாள்.

அவள் மனசு மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இன்றும் யாராவது மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால் ஓட்டலில் வேலை என்பதோடு நிறுத்திக்கொள்வாள். குடும்பக் கல்யாணங்களில் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாள். நானும் அவளுக்காக வேலையை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. இரண்டு பேருக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டே பேசிக்கொள்கிறோம்.

இப்போது நான் தரங்கம்பாடியில், கடலோரத்தில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு ஓட்டலின் பார் பொறுப்பில் இருக்கிறேன். எனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களில் இரண்டு பேர் பெண்கள். திறப்பு வேலைகளில் பானங்களின் பட்டியல் கார்டை அச்சடிப்பதும் ஒன்று. ஆரஞ்சு லிக்கர் சேர்த்துச் செய்யும் பானங்களுக்கு அதில் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். ஒவ்வொரு பானத்துக்கும் கீழே, அதில் மொத்தம் எவ்வளவு மது இருக்கிறது, எத்தனை பெக்குக்குச் சமம் என்று தமிழிலும் போட வேண்டும் என்றேன். புதிய முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.

“படிச்சுப் பாத்தா ரெண்டாவது யாரும் கேக்க மாட்டாங்க” என்றார்.

“கேக்கறவங்க தெரிஞ்சு கேக்கட்டும் சார்” என்றேன்.

அந்த வரியை எடுத்துவிட்டு ஒரு மாதிரிக் கார்டை அச்சடித்து அனுப்பினார். நான் கையெழுத்துப் போடவில்லை. அந்த வரி இல்லாமல் கார்டு மேசைக்குப் போனால் நானும் கவுண்டருக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் இழுத்தது. நேற்று அச்சகத்திலிருந்து புதிய மாதிரி வந்தது. சைட்காருக்குக் கீழே அந்த வரி இருக்கிறது. எழுத்து கொஞ்சம் சின்னதாகப் போட்டிருக்கிறார்கள். பெரிதாக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.